அங்கன்வாடிப் பொடியா, டின் பவுடரா? 14 மாசப் பொண்ணுக்கு எடை ஏற மாட்டேங்குது

வாழைத்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

வணக்கமுங்க. பொண்ணுக்கு 14 மாசம் ஆச்சு. பொறந்தப்ப 2.6 கிலோ. 11 மாசத்துல 7.4 இருந்தா. போன வாரம் அங்கன்வாடியில எடை போட்டா 7.5 தான் காட்டுது. எடைக் கார்டுல கோடு இன்னும் பச்சை நிறத்துக்குள்ளதான் (சரியான எடை) இருக்குதுன்னு டீச்சர் சொல்றாங்க, ஆனா கோடு மேல போகாம அப்படியே படுத்துக்கிச்சு. நடுவுல ரெண்டு தடவை வயித்தால போச்சு, ஒருக்கா காய்ச்சல் வந்துது.

மாசாமாசம் அங்கன்வாடியில இருந்து அமிர்தம் பொடி (சத்துமாவு) பாக்கெட் ஆறேழு வந்துருதுங்க. எங்க அத்தை "அது சர்க்கார் மாவு, அதைக் குடுத்தா எங்கிருந்து புள்ளை தேறும், மெடிக்கல்ல டின்னு வாங்குங்க"ங்கறாங்க. டின்னு விலையைப் பார்த்தா ஒரு டின்னுக்கு வீட்டுக்காரர் ஒரு நாள் கூலி முழுசாப் போயிரும். டீச்சர் பொடியையே குடுங்கறாங்க. தாய்ப்பால் இன்னும் குடிக்கறா. யார் சொல்றதைக் கேக்கறதுங்க?

தாழி (வேலந்தாவளம்)

டின்னே வாங்கிக் குடுங்க. எங்க வளவுல பாதி வீட்டுல அந்தப் பொடி தவிட்டோட கலந்து எருமைக்குத்தான் போவுது. எருமைங்க நல்லா கொழுகொழுன்னு இருக்குதுங்க.

எதிர்க்கேள்வி

தாழி அண்ணா, எருமை கொழுத்துச்சுன்னா அந்தப் பொடியில சத்து இருக்குன்னுதானே அர்த்தம்? நீங்களே பொடிக்கு விளம்பரம் பண்றீங்க.

கிண்ணம்-கரண்டி (பாலக்காடு)

நான் உணவியல் படித்தவள், குழந்தைகள் பிரிவில் வேலை. பதில் சொல்வதற்கு முன்னால் நாலு கேள்வி. பொடியை எப்படிக் கலக்குகிறீர்கள், எத்தனை ஸ்பூன், எவ்வளவு தண்ணீர்? ஒரு நாளைக்கு எத்தனை வேளை? வேறு என்னென்ன சாப்பிடுகிறாள்? பாக்கெட்டை வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா?

வாழைத்தோப்பு

ரெண்டு ஸ்பூன் பொடி, ஒரு டம்ளர் தண்ணி, காய்ச்சி ஆத்தி பாட்டில்ல ஊத்திக் குடுப்பேனுங்க. காலைல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா. மத்தியானம் ரசஞ்சோறு நல்லாப் பிசைஞ்சு. நாலு மணிக்கு டீயில பிஸ்கட் நனைச்சு அவங்க அப்பத்தா குடுப்பாங்க. பெரியவனுக்கு அஞ்சு வயசு, பொடியில சக்கரை தேங்காயெல்லாம் போட்டு உருண்டை புடிச்சா பாக்கெட் ரெண்டே நாள்ல காலி. அவனுக்கு அவ்வளவு இஷ்டம்.

கிண்ணம்-கரண்டி

இதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கோடு. 14 மாதப் பெண் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவன அட்டவணையில் நடு எடை 9.4 கிலோ, பச்சையின் கீழ் எல்லை 7.4. உங்கள் மகள் 7.5, அதனால் பச்சை. ஆனால் 15 மாதத்தில் அந்த எல்லை 7.6 ஆகிவிடும். இதே எடையில் நின்றால் அடுத்த மாதம் மஞ்சளுக்குப் போய்விடுவாள். இந்த வயதில் மாதம் 200 கிராமாவது ஏற வேண்டும், இவளுக்கு மூன்று மாதத்தில் 100 கிராம்தான் ஏறியிருக்கிறது. நிறத்தைப் பார்த்து நிம்மதி அடையாமல் கோட்டைப் பார்த்தீர்களே, அது பெரிய விஷயம். பல அம்மாக்கள் மஞ்சள் வந்த பிறகுதான் விழிக்கிறார்கள்.

அடுத்து பொடி. அந்தக் கலவையை வகுத்துக் கொடுத்தது காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம். அரைத்துப் பாக்கெட் போடுவது கேரளாவின் மகளிர் சுயஉதவிக் குழுவான குடும்பஸ்ரீயின் பெண்கள். அரைக் கிலோவில் கோதுமை 225 கிராம், சர்க்கரை 100, கடலைப்பருப்பு 75, நிலக்கடலை 50, சோயா 50. தானியமும் பருப்பும் கடலையும் சேர்வதால் ஒன்றில் குறையும் புரதக்கூறை மற்றது ஈடு செய்கிறது. ஒரு குழந்தைக்கு நாளுக்கு 135 கிராம் என்று கணக்குப் போட்டுத்தான் உங்களுக்கு ஆறேழு பாக்கெட் வருகிறது. அது முழுக்க வயிற்றுக்குள் போனால் 500 கலோரிக்கு மேல். தாய்ப்பால் குடிக்கிற ஒரு வயதுக் குழந்தைக்கு மற்ற சாப்பாட்டிலிருந்து வேண்டியதே ஏறக்குறைய 550தான்.

இப்போது உங்கள் டம்ளருக்கு வருவோம். ரெண்டு ஸ்பூன் என்பது 10 கிராம் பொடி. அதில் 40 கலோரி. ரெண்டு வேளைக்கும் சேர்த்து 80. குழந்தையின் வயிறு ஒரு தடவைக்கு ஏறக்குறைய 200 மில்லிதான் கொள்ளும், அதைத் தண்ணீர் நிரப்பிவிடுகிறது. அப்புறம் ரசஞ்சோற்றுக்கு வாயைத் திறக்கமாட்டாள், நீங்கள் "சாப்பிடவே மாட்டேங்கறா" என்பீர்கள். அவள் சாப்பிடுகிறாள், அதில் சாப்பாடு இல்லை.

இப்படிச் செய்து பாருங்கள். 40 கிராம், அதாவது குவித்த மேசைக்கரண்டியில் மூன்று நாலு. முக்கால் டம்ளர் தண்ணீரோ பாலோ ஊற்றிக் கிண்டி, கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் இறக்குங்கள். அதில் ஒரு ஸ்பூன் தேங்காய் எண்ணெய் அல்லது நெய். பொடியில் 160, எண்ணெயில் 40, ஒரு கிண்ணத்தில் 200 கலோரி. வயிற்றில் அதே இடம்தான் பிடிக்கும். பாட்டிலை எடுத்து வைத்துவிடுங்கள், கிண்ணமும் கரண்டியும் போதும் (என் பெயர்க்காரணம் புரிந்திருக்கும்). வயிற்றால் போவதற்கும் அந்தப் பாட்டில் காம்பே காரணமாக இருக்கலாம், அதைச் சுத்தமாகக் கழுவுவது யாராலும் முடியாத காரியம்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தபோது ஜிங்க் மாத்திரை 14 நாளும் முடித்தீர்களா? பாதிப் பேர் வயிறு நின்றதும் மூன்றாம் நாள் விட்டுவிடுகிறார்கள். காய்ச்சலோ பேதியோ நின்ற பிறகு ரெண்டு வாரத்துக்குத் தினம் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். இழந்ததைப் பிடிக்கும் காலம் அதுதான்.

டின் வேண்டாம். அதில் இருப்பதும் தானியமும் பால்பொடியும் சர்க்கரையும் சேர்த்த விட்டமின்களும்தான். அதையும் தண்ணியாகக் கரைத்தால் இதே கதி.

எதிர்க்கேள்வி

மேடம், கணக்கெல்லாம் சரி. அரைக் கிலோவுல 100 கிராம் சர்க்கரைன்னு நீங்களே சொல்றீங்க. அஞ்சுல ஒரு பங்கு! ரெண்டு வயசு வரைக்கும் சர்க்கரையே சேர்க்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-ல வழிகாட்டி போட்டுச்சு. டின்காரன் சர்க்கரை போட்டா திட்டுறோம், சர்க்கார் போட்டா கும்பிடணுமா?

இன்னொண்ணு. கேரளா எல்லாத்துலயும் முதல்னு பெருமை பேசுறோம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பை எடுத்துப் பாருங்க. அஞ்சு வயசுக்குள்ள உயரத்துக்கேத்த எடை இல்லாத குழந்தைங்க கேரளாவுல 15.8 சதவீதம், தமிழ்நாட்டுல 14.6. வயசுக்கேத்த உயரம் இல்லாதவங்க இங்க முந்தின கணக்குல 19.7, இந்தக் கணக்குல 23.4. ஏறியிருக்கு. இத்தனை வருஷமா பொடி குடுத்து என்ன ஆச்சு?

ஓய்வு டீச்சர் (சித்தூர்)

தம்பி, பொடி குடுத்தா மட்டும் போதாதுன்னு அங்கன்வாடியில வேலை பார்த்த எங்களுக்குத் தெரியாதா? பாக்கெட்டைக் கையில குடுத்து கையெழுத்து வாங்கறதோட வேலை முடிஞ்சுதுன்னு மேல இருக்கறவங்க நினைக்கறாங்க. அந்தம்மா வீட்டு அடுப்படியில நின்னு ஒருக்கா கிண்டிக் காட்டினா ஆறு மாசம் கூட்டம் போட்டுப் பேசறதை விட உபயோகம். ஆனா எங்களுக்கு ரிஜிஸ்டர் எழுதவே நேரம் போயிரும், இப்போ போன் ஆப் வேற.

சர்க்கரைக்கு ஒண்ணு சொல்றேன். நோஞ்சான் புள்ளைங்களுக்குத் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரியில ஒரு மாவு உண்டாக்கினாங்க. அரிசி ஒண்ணு, கோதுமை ஒண்ணு, உளுந்து ஒண்ணு, சக்கரை ரெண்டு பங்கு. எஸ்.ஏ.டி. மிக்ஸ்னே பேரு. அதுல அஞ்சுக்கு ரெண்டு பங்கு சக்கரை! கொஞ்சம் சாப்பிட்டா நிறைய சக்தி வரணும், புள்ளையும் துப்பாம முழுங்கணும்னு அப்படி வெச்சாங்க.

கிண்ணம்-கரண்டி

டீச்சர் சொன்னது சரி, எதிர்க்கேள்வியின் கேள்வியும் நியாயம். எஸ்.ஏ.டி. மிக்ஸ் மெலிந்துபோன குழந்தையைத் தேற்றுவதற்கு. எல்லாக் குழந்தைக்கும் தினமும் கொடுக்கிற பொடியில் இவ்வளவு இனிப்பு இருப்பது எனக்கும் பிடிக்கவில்லை, குறைக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் குறைக்கும்வரை பொடியை எருமைக்குப் போடுவது பதில் இல்லை. மேலே சர்க்கரை, வெல்லம், கல்கண்டு எதுவும் சேர்க்காதீர்கள். மூன்று வேளையில் ஒரு வேளையை உப்புக் கஞ்சியாக, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை போட்டு மாற்றுங்கள்.

சதவீதக் கணக்குக்குப் பதில்: உயரம் குறைவது தட்டில் மட்டும் ஆரம்பிப்பதில்லை. அம்மாவின் ரத்தசோகை, குறைந்த பிறப்பு எடை, அடிக்கடி வரும் பேதி, அடுத்தடுத்த பிரசவம் எல்லாம் சேர்ந்தது. பொடி அதில் ஒரு கண்ணி.

எதிர்க்கேள்வி

ஏத்துக்கறேன். பாதி.

குளிர்மலை (மூணாறு)

நான் எஸ்டேட்ல பொறந்து வளந்தவன். டீயில பிஸ்கட்னு அந்த அக்கா எழுதுனாங்கள்ல, அதப் பத்தி யாரும் பேசல. எங்க லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) பல்லு முளைச்ச புள்ளைக்கெல்லாம் கட்டன்சாயா, அதான் பால் ஊத்தாத டீ, குடுப்பாக. காலைல எட்டு மணிக்கு முன்ன கொழுந்து எடுக்க மலைக்குப் போற அம்மா புள்ளைய எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்துல (கிரஷ்) விட்டுட்டுப் போகும். அங்கயும் சாயா. பசி அடங்கிரும், புள்ள அழுகாது. தேயிலைல பொழப்பு நடத்துறவன் தேயிலையக் கொறை சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சின்னப் புள்ளைக்கு அது வேண்டாம்ங்க.

கிண்ணம்-கரண்டி

நன்றி தம்பி, நான் விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அடுத்து அதற்குத்தான் வந்திருப்பேன். தேயிலையில் இருக்கும் துவர்ப்புச் சத்து சாப்பாட்டில் உள்ள இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். தானியமும் பயறும் நிறைய உள்ள நம் சாப்பாட்டில் ஏற்கெனவே இரும்பு குறைவாகத்தான் உடம்பில் சேரும். நாலு மணிக்கு பிஸ்கட்டுக்குப் பதில் மசித்த நேந்திரம்பழம் கொடுங்கள், அப்பத்தாவே ஊட்டட்டும். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை வாரம் ரெண்டு தடவை 1 மில்லி இரும்புச்சத்து சிரப்பை ஊர் சுகாதாரப் பணியாளர் ஆஷா கொடுப்பார், அதை வாங்கி அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

ஓடைக்கரை (ஆனைகட்டி)

அட்டப்பாடிப் பழங்குடி ஊர்களுக்குத் தினமும் போய்வருகிற வேலை என்னுடையது. இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் சமையலறையும் அலமாரியும் இருக்கிற வீட்டை வைத்துப் பேசுகிறீர்கள். 2013-ல் அகளி, புதூர், சோலையூர் பஞ்சாயத்துகளில் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது நாடே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கும் பொடித் திட்டம் இருந்தது. இறந்த குழந்தைகளில் பல பிறக்கும்போதே எடை குறைந்தவை, அம்மாக்களுக்கு ரத்தம் இல்லை. பொடி ஆறு மாதத்துக்குப் பிறகுதான், இந்தக் குழந்தைகள் அதுவரை இருக்கவே இல்லை.

அதற்குப் பிறகுதான் குடும்பஸ்ரீ வழியாக ஊர் ஊராகச் சமூக அடுக்களை வந்தது. சூடாகச் சமைத்து கர்ப்பிணிக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் அங்கேயே போடுவது. பாக்கெட் வீட்டுக்குப் போனால் ஏழு பேருக்குப் பங்காகும், தட்டில் போட்டால் போட்டவருக்கே போகும். நான் கண்ணால் பார்த்த வித்தியாசம் இது.

இருளர் வீடுகளில் முன்பு ராகியும் சாமையும் தினையும் காட்டுக்கீரையும் இருந்தன. நிலம் கைமாறியது, ரேஷன் வெள்ளரிசி வந்தது. 2017-ல் மில்லெட் வில்லேஜ் என்று சிறுதானியத்தைத் திரும்ப விதைக்கும் திட்டம் போட்டார்கள். விதைக்கிற ஊரில் குழந்தை தட்டிலும் அது வருகிறதா என்பதுதான் என் கேள்வி. விற்கப் போய்விடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இங்கே அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குடும்பங்கள் இருக்கின்றன. அந்தக் குழந்தைகளுக்கு இரும்பு சிரப்பை டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

தாழி

அது சரிதானுங்க. வீட்டுக்கு வந்தா பங்குதான். எங்க வீட்டுல எருமையும் பங்காளி.

குப்பத்துக்காரன்

ஆந்திரா பக்கத்துல இருந்து ஒருத்தன். டீச்சரம்மா சித்தூர்னு போட்டதும் நம்ம ஜில்லான்னு ஓடி வந்தேன், பார்த்தா அது பாலக்காட்டுச் சித்தூர்! இருந்தாலும் வந்துட்டேன், பேசிட்டே போறேன்.

எங்க அங்கன்வாடியில பாலாமிர்தம்னு ரெண்டரைக் கிலோ பை குடுப்பாங்க, ஏழு மாசத்துல இருந்து மூணு வயசு வரைக்கும். கோதுமை, கடலைப்பருப்பு, பால்பொடி, சக்கரை, எண்ணெய் சேர்ந்தது. முட்டையும் பாலும் தனியா. தமிழ்நாட்டுல எங்க மச்சான் வீட்டுக்கு சத்துமாவு. மூணு ஸ்டேட்டும் பேரை மாத்தி மாத்தி ஒரே வேலையைத்தான் பண்ணுது.

எங்க கஷ்டம் வேற மாதிரி. இங்க பாதிக் குடும்பம் பெங்களூருக்கு ரயிலேறிப் போய் கட்டட வேலை. புள்ளையையும் தூக்கிட்டுப் போயிடறாங்க. பேரு இங்க, புள்ளை அங்க. பைய வாங்க ஆள் வரணும், முகத்தைக் காட்டணும்னு வேற இப்ப. அங்க போய் சேர்த்துக்கோன்னு கேட்டா ஒரு அங்கன்வாடியில சேர்த்துக்கறாங்க, இன்னொண்ணுல அட்டை எங்கன்னு கேக்கறாங்க. மழைக்காலம் முடிஞ்சு ஊருக்கு வரப்போ புள்ளை சுருங்கிப் போய் வருது. கேரளாவுல எப்படி?

ஓய்வு டீச்சர்

இங்கயும் அப்படித்தான் கண்ணு. வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா தமிழ்நாடு. பிரசவத்துக்குப் பொள்ளாச்சி அம்மா வீட்டுக்குப் போற பொண்ணு அஞ்சு மாசம் கழிச்சுத்தான் வரும். புள்ளைக்கு ஆறு மாசம் ஆகறப்ப பேரு எந்தப் பக்கம்னே தெரியாது. நான் இருந்தப்ப அந்தப் பக்கத்து டீச்சருக்குப் போன் போட்டு "உங்க புள்ளை எங்கிட்ட இருக்குது, எங்க புள்ளை உங்ககிட்ட இருக்குது"ன்னு பேசிச் சரி பண்ணிக்குவோம். இப்போ ஆப்புலயே இடம் மாத்தலாம், ஆனா அம்மா கேட்டாத்தான் மாத்துவாங்க. கேளுங்க, பயப்படாதீங்க.

வாழைத்தோப்பு

டீச்சர், மேடம், எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து கெட்டியாக் கிண்டி எண்ணெய் விட்டுக் குடுத்தேன். அரைக் கிண்ணம் போச்சு, மீதியத் துப்பிட்டா. கெட்டியா இருந்தா தொண்டைல நிக்குதாட்ட இருக்குது.

இன்னொரு சந்தேகமுங்க. எங்க நாத்தனார் கோயமுத்தூர்ல இருக்காங்க. அவங்க புள்ளைக்கு அங்க அங்கன்வாடியில வெண்ணெய் மாதிரி ஒரு பாக்கெட் குடுத்தாங்களாம், கடலை வாசமா இருக்குமாம், ரெண்டு மாசத்துல நல்லா ஏறிட்டானாம். அது எங்க கிடைக்கும்?

கிண்ணம்-கரண்டி

அது கடையில் வாங்கிக் கொடுக்கிற பொருள் இல்லை. நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, எண்ணெயோடு விட்டமின், தாதுக்களைச் சேர்த்து அரைத்த பசை. 1996-ல் பிரான்சில் உருவாக்கினார்கள். 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்க வேண்டாம் என்பதால் கிருமி வளராது, அதனால்தான் கடுமையாக மெலிந்த குழந்தையை ஆஸ்பத்திரியில் படுக்கவைக்காமல் வீட்டிலேயே தேற்ற முடிந்தது. இந்தியாவில் இது பெரிய சண்டை. வெளிநாட்டுப் பாக்கெட் வந்து வீட்டுச் சாப்பாட்டை விரட்டிவிடும் என்று ஒரு தரப்பு, செத்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மருந்தை மறுப்பதா என்று இன்னொரு தரப்பு. 2009-ல் மத்திய அரசு யுனிசெஃப் கொண்டுவந்ததைத் திரும்ப எடுக்கச் சொன்னது. தமிழ்நாடு 2022-ல் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்கிறார்கள். உங்கள் நாத்தனார் மகனுக்குக் கிடைத்தது அதுவாக இருக்கலாம்.

யாருக்கு அது என்பதற்கு அளவு உண்டு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, புஜத்தின் நடுச்சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமை, 11.5 முதல் 12.5 வரை நடுத்தரம். அங்கன்வாடியில் வண்ண நாடா இருக்கும், அளக்கச் சொல்லுங்கள். ரெண்டு பாதத்திலும் வீக்கம், அழுத்தினால் குழி விழுகிறது, சாப்பாடே வேண்டாம் என்கிறாள், துவண்டு கிடக்கிறாள் என்றால் நாடாவுக்காகக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

வராமல் தடுக்க இதன் தம்பி ஒன்று உண்டு. நாளுக்கு 20 கிராம், நூற்றுச் சொச்சம் கலோரி, வீட்டுச் சாப்பாட்டில் கலந்து ஊட்டுவது. ஆப்பிரிக்கா, வங்கதேசம், ஹைதி முதலிய இடங்களில் 37,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த 14 ஆய்வுகளை 2021-ல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்தார்கள். கடுமையான மெலிவு 31 சதவீதமும் கடுமையான உயரக்குறைவு 17 சதவீதமும் குறைந்திருந்தன. நல்ல பலன்தான். ஆனால் சாப்பாடே கிடைக்காத இடங்களுக்கு அது. உங்கள் வீட்டில் ஆறு பாக்கெட் பொடி சும்மா இருக்கிறது, வாசலில் முருங்கை இருக்கும், முட்டை வாங்க முடியும்.

துப்பினதற்கு டீச்சரிடம் வழி இருக்கும்.

எதிர்க்கேள்வி

டீச்சர், அதுக்கு முன்னாடி ஒண்ணு. உப்புமா வேணாம், பிரியாணி வேணும்னு ஒரு அங்கன்வாடிப் பையன் கேட்ட வீடியோவுக்கப்புறம் 2025-ல முட்டை பிரியாணியே மெனுவுல வந்துச்சே, அது 14 மாசத்துக்குக் கிடைக்காதா?

ஓய்வு டீச்சர்

அது மூணு வயசுக்கு மேல இருக்கற புள்ளைங்களுக்குத் தம்பி. 2022-ல வாரம் ரெண்டு நாள்னு ஆரம்பிச்ச பாலும் முட்டையும் அவங்களுக்குத்தான். பெரியவனை அனுப்பி வைம்மா, அவன் அங்க சாப்பிட்டா தங்கச்சி பாக்கெட்டுல கை வைக்கறது குறையும். அவனுக்கு உருண்டை வேணும்னா பொட்டுக்கடலையும் வெல்லமும் இடிச்சுக் குடு.

துப்பறதுக்கு மொளைகட்டின ராகி மாவு. ராகியைக் கழுவி ராத்திரி ஊறவெச்சு, துணியில கட்டி ஒண்ணரை ரெண்டு நாள் வை. வெள்ளையா மொளை வரும். வெயில்ல நல்லாக் காயவெச்சு, கையால தேய்ச்சா வேர் உதிர்ந்துரும், புடைச்சுட்டு லேசா சூடு காட்டி அரை. கருக வறுத்துடாதே, வறுத்தா அந்தக் குணம் போயிரும். பொடியைக் கெட்டியாக் கிண்டி இறக்கினதும் சூடு கொஞ்சம் தணியட்டும், அதுல இந்த மாவு ஒரு சின்ன ஸ்பூன் போட்டுக் கலக்கு. ரெண்டு மூணு நிமிஷத்துல கண்ணு முன்னாடி இளகும். அப்புறம் ஒரு கொதி விட்டு இறக்கு. தண்ணி சேர்க்காமயே இளகினதால சத்து அப்படியே இருக்கும், தொண்டைல நிக்காது.

வாழைத்தோப்பு

இப்ப இங்க அடைமழைங்க டீச்சர், காயவே காயாது. மில்லுலயும் ரெண்டு கிலோவுக்குக் குறைஞ்சா அரைக்க மாட்டாங்க.

ஓய்வு டீச்சர்

அடுப்புல தோசைக்கல்லைக் காயவெச்சு இறக்கிட்டு, அந்தச் சூட்டுல துணி விரிச்சுப் பரப்பு. ஆறினா மறுபடி. ரெண்டு பொழுதுல காஞ்சுரும். ஈரம் இருந்தா பூசணம் புடிச்சுரும், அதை மட்டும் கவனி, வாசம் மாறினா கொட்டிரு. கால் கிலோ போதும், மிக்ஸியிலயே அரைச்சு சலிச்சுக்கோ.

கிண்ணம்-கரண்டி

அடுத்த எடை எப்போது?

வாழைத்தோப்பு

வர்ற மாசம் மூணாவது வெள்ளிக்கிழமைங்க. போட்டுட்டு இங்கயே எழுதறேன். நாடாவும் கேக்கறேன்.

தாழி

டீச்சர், எங்க தம்பி புள்ளைக்குப் பத்து மாசம். இதே அளவா, குறைக்கணுமா?

கிண்ணம்-கரண்டி

தாய்ப்பால் குடிக்கிறானா? அப்படியென்றால் மற்ற சாப்பாட்டிலிருந்து நாளுக்கு 300 கலோரி போதும், மூணு நாலு வேளை, ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம். பதம் மட்டும் அதே கெட்டி. எருமைக்குத் தனியாகத் தவிடு வாங்குங்கள்.